பொதுச்சொத்துச் சேதம்: வெள்ளையர் காலக் குற்றச் சட்டங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவோரைத் தண்டிக்க இந்தியாவில் இன்று இருக்கும் சட்டங்களுக்கெல்லாம் வேர் 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், அதாவது ஐபிசி. 1862 ஜனவரி 1 முதல் 2024 ஜூன் 30 வரை அது நடைமுறையில் இருந்தது. பழைய தீர்ப்புகளைப் படிப்போர், ஊர் வரலாறு எழுதுவோர், சட்ட மாணவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை.

வெள்ளையர் ஆட்சியில் பொதுச்சொத்துச் சேதத்துக்கென்று தனிச் சட்டம் இருந்ததா?

இல்லை. ‘பொதுச்சொத்து’ என்ற வகையே அன்றைய ஐபிசியில் கிடையாது. 17-ஆம் அத்தியாயத்தில் 425 முதல் 440 வரையான 16 பிரிவுகள் சொத்தைச் சேதப்படுத்துவதைப் பற்றிப் பேசின. சட்டத் தமிழில் இதை அழிம்பு என்பார்கள். யாருடைய சொத்து என்பதைவிட, அந்தச் சொத்து எதற்குப் பயன்பட்டது என்பதையே அந்தப் பிரிவுகள் பார்த்தன. பாசனம், சாலை, பாலம், வடிகால், கலங்கரை விளக்கம், எல்லைக்கல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவும் கூடுதல் தண்டனையும் உண்டு. தாலுகா கச்சேரியின் நாற்காலியை உடைத்தால் மட்டும் பக்கத்து வீட்டு நாற்காலியை உடைத்த அதே பிரிவுதான். ரயிலுக்கும் தந்திக்கும் தனிச் சட்டங்கள் வந்தன. வருவாயும் படையும் செய்தியும் எந்த வழியாகப் போயினவோ அந்த வழிகளுக்குத்தான் அரசு வேலி போட்டது என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

பிரிவு 425 சரியாக என்ன சொல்கிறது? போலீஸ் தரப்பு எதை நிரூபிக்க வேண்டும்?

இரண்டை நிரூபிக்க வேண்டும். ஒன்று, செயல்: சொத்து அழிந்திருக்க வேண்டும், அல்லது அதன் மதிப்போ பயனோ குறையும்படி அதிலோ அது இருக்கும் நிலையிலோ மாற்றம் நேர்ந்திருக்க வேண்டும். இரண்டு, மனம்: பொதுமக்களுக்கோ ஒருவருக்கோ முறையற்ற நட்டம் உண்டாக்கும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். நோக்கம் இல்லாவிட்டாலும், அப்படி நட்டம் நேரக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தால் போதும்.

பொருளைத் தொட்டு உடைக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பிரிவின் கீழேயே தரப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று இதைக் காட்டும்: பிறருக்குச் சொந்தமான பனிக்கட்டிக் கிடங்குக்குள் தண்ணீரை விட்டுப் பனிக்கட்டியைக் கரைய வைப்பதும் குற்றம்தான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்திறங்கிய காலத்தின் அடையாளம் அது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அப்படிப்பட்ட ஒரு கிடங்கு. மோதிரத்தை ஆற்றில் எறிவது, பிறர் வயலில் மாட்டை மேயவிட்டுப் பயிரைப் பாழாக்குவது ஆகியவையும் அங்கே சொல்லப்பட்டுள்ளன.

தன் சொத்தையே அழித்தாலும் குற்றமாகலாம். கடனுக்கு ஜப்தி வரப்போகிறது என்று தெரிந்து, கடன் கொடுத்தவரை ஏமாற்றத் தன் பொருள்களைத் தானே அழிப்பவர் இந்தப் பிரிவில் மாட்டுவார். ஆகவே சொத்து யாருக்குச் சொந்தம் என்ற தகராறு மட்டுமே வழக்கை உடைத்துவிடாது.

பகை இருந்தது என்று காட்ட வேண்டாமா?

வேண்டாம். ஐபிசிக்கு அடுத்த ஆண்டு, 1861-இல், இங்கிலாந்தில் வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘தீய எண்ணத்தோடு செய்த சேதம்’ என்று உண்டு. ஆனாலும் சொத்தின் உரிமையாளர் மீது பகை இருந்ததாகக் காட்டத் தேவையில்லை என்று அதன் 58-ஆம் பிரிவு சொன்னது. ஐபிசியை எழுதியவர்கள் அந்தச் சொல்லையே 425-இல் சேர்க்காமல் நோக்கம், அறிவு என்ற இரண்டை மட்டும் வைத்தார்கள். மெக்காலே தலைமையிலான சட்டக் குழு 1837-இல் வரைவு தந்து, அது 1860-இல்தான் சட்டமானது. அந்த நீண்ட உழைப்பு நன்றாகத் தெரியும் பிரிவுகளில் 425-உம் ஒன்று என்பது எங்கள் கருத்து.

கவனக்குறைவால் நேர்ந்த சேதம்?

இந்தப் பிரிவுகளில் வராது. பிரேக் பிடிக்காத வண்டி தெருவிளக்குக் கம்பத்தில் மோதினால், வண்டியைத் தாறுமாறாக ஓட்டிய குற்றத்துக்குத் தனி வழக்கு வரலாம்; கம்பத்தின் விலையை உரிமையியல் வழக்கில் கேட்கலாம். அழிம்பு வழக்கு நிற்காது. இன்றும் எஃப்ஐஆரில் இந்தத் தவறு நடக்கிறது. கம்பம் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் சேதப் பிரிவையும் சேர்த்து எழுதிவிடுவார்கள், விசாரணையில் அது உதிர்ந்துவிடும்.

தண்டனை எவ்வளவு? 50 ரூபாய்க் கணக்கு எங்கிருந்து வந்தது?

சாதாரணச் சேதத்துக்கு 426-இன்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சேதம் 50 ரூபாயைத் தொட்டால் 427-இன்படி இரண்டு ஆண்டு வரை. பாசனம், சாலை, வடிகால் ஆகியவற்றுக்கு (430, 431, 432) ஐந்து ஆண்டு வரை. கலங்கரை விளக்கத்துக்கும் கடல் அடையாளங்களுக்கும் (433) ஏழு ஆண்டு வரை.

அன்றைய ரூபாய் 180 கிரெயின், அதாவது சுமார் 11.66 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயம். 50 ரூபாய் என்றால் 583 கிராம் நாணயம், அதில் 534 கிராமுக்குக் குறையாத சுத்த வெள்ளி. சிறிய சேதத்தையும் பெரிய சேதத்தையும் பிரிக்க அன்று அது பொருளுள்ள கோடு. ரூபாயின் மதிப்பு எங்கோ போனபிறகும் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. 2024 ஜூன் வரை அதே 50 ரூபாய்தான். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தாலே 427 என்ற நிலை வந்து, 426 கிட்டத்தட்ட செத்த பிரிவாகிவிட்டது. சட்டசபைகளின் இந்த அலட்சியத்தால் சின்னக் குற்றம் செய்தவர்கள் பல தலைமுறைகளாகப் பெரிய பிரிவைச் சுமந்தார்கள்.

இன்னொரு விநோதம்: 427, வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாத பிரிவு. ஜாமீனும் உரிமையாகக் கிடைக்கும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் புலனாய்வு செய்யவே முடியாது. 430, 431 அப்படியல்ல. போலீஸ் நேரடியாக இறங்கலாம். அரசுப் பேருந்தின் கண்ணாடியை உடைத்தவர் மீது ஐபிசியில் நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியாமல் போனதும் பின்னாளில் தனிச் சட்டம் வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம்.

ஏரி, வாய்க்கால், மதகு சேதத்துக்கு 430 எப்படிப் பயன்பட்டது?

தமிழ்நாட்டு ஆயக்கட்டு (ஏரி, வாய்க்கால் பாசனம் பெறும்) ஊர்களில் அதிகம் பேசப்பட்ட பிரிவு இதுவே. வேளாண்மைக்கோ, மனிதரும் வளர்ப்பு விலங்குகளும் குடிப்பதற்கோ, துப்புரவுக்கோ, தொழிலுக்கோ வரும் தண்ணீர் குறையும்படி சேதம் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. சேதத்தின் பண மதிப்பை இந்தப் பிரிவு கேட்பதேயில்லை. ஒரு மதகுப் பலகையின் விலை சொற்பமாக இருக்கலாம். கடைமடையில் ஒரு போகமே காய்ந்துபோகும். அதனால்தான் பலகையின் விலையை விட்டுத் தண்ணீர்க் குறைவை அளவாக வைத்தார்கள். இது சரியான பார்வை.

வழக்கு தோற்கும் இடங்களும் தெளிவானவை. முதலாவது உரிமைத் தகராறு. ‘இந்த மடையைத் திறக்க எங்கள் ஊருக்கு முறை உண்டு’ என்று குற்றம் சாட்டப்பட்டவர் நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்திருந்தால், முறையற்ற நட்டம் உண்டாக்கும் நோக்கம் இல்லையென்று ஆகிவிடும். வெறும் வாய்ப்பேச்சு போதாது. மாமூல்நாமா (ஊரின் பாசன வழக்கங்களைக் குறித்த ஆவணம்), செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேடு, பழைய உரிமையியல் தீர்ப்பு என்று ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, தண்ணீர் உண்மையில் குறைந்ததா என்பது. உடைப்பு ஒரு கரையில், வறட்சி வேறு காரணத்தால் என்றால் பிரிவு 430 பொருந்தாது. உடைப்புக்கு முந்தைய நாளும் மறுநாளும் நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை ஏக்கர் பாய்ந்தது என்று நீர்க்கட்டியின் (வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஊர்ப் பணியாளரின்) வாக்குமூலத்தில் இருந்தால்தான் வழக்கு நிற்கும். மூன்றாவது, ஆள் அடையாளம். கரையை வெட்டுவது பெரும்பாலும் இரவில் நடக்கும். மண்வெட்டி கிடந்தது என்பதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது.

வெள்ளக் காலத்தில் தன் வயலைக் காப்பாற்ற எதிர்க்கரையை வெட்டி அடுத்த ஊரை மூழ்கடித்தால், அது 432. அதே வெள்ளத்தில் பெரிய உடைப்பைத் தடுக்க, உயிர்களைக் காக்க, நல்லெண்ணத்தோடு ஒரு சிறு இடத்தில் வெட்டிவிட்டவருக்குப் பிரிவு 81 துணை நிற்கும். தீ பரவாமல் தடுக்க இடையில் இருக்கும் வீடுகளை இடித்தவர் குற்றவாளி அல்ல என்ற எடுத்துக்காட்டு அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆபத்து உடனடியானதாகவும் செய்த சேதத்தைவிடப் பெரியதாகவும் இருந்ததா என்பதே கேள்வி.

சாலை மறியலுக்கு 431 போடலாமா?

சாலையில் உட்கார்ந்ததற்குப் போட முடியாது. 431-க்கு முதலில் அழிம்பு நடந்திருக்க வேண்டும், அதனால் சாலையோ பாலமோ போக முடியாததாக, அல்லது பாதுகாப்புக் குறைந்ததாக ஆகியிருக்க வேண்டும். சாலைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டியது, பாலத்தின் பலகையைப் பெயர்த்தது ஆகியவை தெளிவான 431. உட்கார்ந்து வழிமறித்தால் 283, அதாவது பொது வழியில் இடைஞ்சல். அதற்கு 200 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. மரத்தை வெட்டிச் சாலையில் போட்டால், மரம் அரசுடையதாயின் அந்த மரத்துக்கு அழிம்பு வழக்கு வரும். சாலைக்கு 431 வருமா என்பது வாதத்துக்குரியது.

ரயிலுக்கும் தந்திக்கும் இருந்த சட்டங்கள்?

1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 126-ஆம் பிரிவு, ரயிலில் பயணம் செய்வோருக்கு ஆபத்து நேரும் நோக்கத்தோடோ, நேரும் என்று தெரிந்தோ, தண்டவாளத்தில் கட்டையோ கல்லோ வைப்பது, தண்டவாளத்தையோ சிலிப்பர் கட்டையையோ கழற்றுவது, சிக்னலை மாற்றிக் காட்டுவது ஆகியவற்றைத் தண்டித்தது. தண்டனை ஆயுள் முழுவதும் நாடு கடத்தல், அல்லது பத்து ஆண்டு வரை சிறை. ரயில் கவிழ வேண்டியதில்லை, முயற்சியே போதும். ஓடும் ரயில் மீது கல்லெறிவதற்கு 127.

அந்தச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு படிக்கவே மனம் கசக்கும். ஐபிசியில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் செயல் குற்றமே அல்ல. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். ரயில் என்று வந்ததும் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவனுக்குக் கசையடி கொடுக்கலாம், அல்லது தகப்பனிடம் ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கலாம் என்று சொன்னார்கள்.

தந்திக்கு 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. செய்தியைத் தடுக்கவோ ஒட்டுக்கேட்கவோ அழிம்பு செய்யவோ எண்ணிக் கம்பியை, கம்பத்தை, கருவியைச் சேதப்படுத்தினாலும் கழற்றினாலும், ஏன், தொட்டாலுமே மூன்று ஆண்டு வரை சிறை. 1857 கிளர்ச்சியில் தந்திக் கம்பிகள் வெட்டப்பட்ட அனுபவம் அரசுக்கு மறக்கவில்லை.

எல்லைக்கல்லைப் பிடுங்குவதற்கு ஏன் தனிப் பிரிவு?

விவசாயியிடம் அரசு நேரடியாக வரி வசூலித்த ரயத்துவாரி முறையில் வரி நிலத்தின் அளவைப் பொறுத்தது. அளவு கல்லைப் பொறுத்தது. அரசு அதிகாரத்தால் நடப்பட்ட கல்லை அழித்தாலோ நகர்த்தினாலோ 434-இன்படி ஓராண்டு வரை சிறை. இரு வீட்டார் தாங்களே பேசி நட்ட கல்லுக்கு இது பொருந்தாது.

தீ வைத்தால்? 435-க்கும் 436-க்கும் என்ன வேறுபாடு?

தீயாலோ வெடியாலோ 100 ரூபாய்க்குக் குறையாத சேதம் (விளைபொருளாயின் 10 ரூபாய்) செய்ய எண்ணினால் 435, ஏழு ஆண்டு வரை. வழிபாட்டு இடமாகவோ மனிதர் வாழும் இடமாகவோ பொருள் பாதுகாக்கும் இடமாகவோ பயன்படும் கட்டடத்தை அழிக்க எண்ணித் தீ வைத்தால் 436, ஆயுள் தண்டனை அல்லது பத்து ஆண்டு வரை. எனவே நிழற்குடைக்கோ பேருந்துக்கோ தீ வைத்தால் 435. தபால் பைகள் இருக்கும் அஞ்சலகத்துக்கு வைத்தால் 436. முதலாவதில் ஜாமீன் உரிமை, இரண்டாவதில் நீதிமன்றம் மனது வைத்தால்தான். போராட்டத்தில் எரிந்தது எது என்பதை மகஜரில் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில்) ஒழுங்காக எழுதாததால் 436 வழக்கு 435-ஆகக் குறைந்துபோவது உண்டு.

வெடிகுண்டென்றால் 1908-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் சேரும். பீகாரின் முசாபர்பூரில் அந்த ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி குண்டு வெடித்தது. ஜூனில் அந்தச் சட்டம் நிறைவேறிவிட்டது.

கூட்டமாகச் செய்தால் எல்லோரும் குற்றவாளிகளா?

ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சட்டவிரோத நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம் (141). அந்தப் பொது நோக்கத்தை நிறைவேற்ற ஒருவர் செய்த குற்றத்துக்கு, அப்போது கூட்டத்தில் இருந்த உறுப்பினர் ஒவ்வொருவரும் பொறுப்பு (149). கல்லெறிந்தது யார் கை என்று தனித்தனியே காட்ட வேண்டாம். ஆனால் அவர் அங்கே உறுப்பினராக இருந்தார் என்று காட்டியே ஆகவேண்டும். வேடிக்கை பார்த்தவரும் கடையை மூட ஓடியவரும் உறுப்பினர்கள் அல்லர்.

பெரும் கூட்ட வழக்குகளில் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் முரண்படாமல் அடையாளம் காட்டியவர்களை மட்டும் தண்டிப்பது நல்ல அளவுகோல் என்று மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964-இல் ஏற்றுக்கொண்டது. இந்த வழக்குகள் சரிவதும் இங்கேதான். எஃப்ஐஆரில் பத்துப் பெயரும் ‘மற்றும் பலர்’ என்பதும் இருக்கும். பிறகு அந்தப் ‘பலர்’ பட்டியலில் யாரை வேண்டுமானாலும் சேர்ப்பார்கள். அடையாள அணிவகுப்பு (பலரோடு நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் செய்வது) நடத்தாமல் நேரே கோர்ட்டில் கைகாட்டினால் சாட்சியத்தின் எடை குறைந்துவிடும்.

கூட்டு அபராதம், தண்டப் போலீஸ் என்பவை என்ன?

ஐபிசி தனி மனிதரை விசாரித்தது. அதற்கு இணையாக, யார் செய்தார் என்று பார்க்காமல் ஊரையே தண்டிக்கும் வழியும் அரசிடம் இருந்தது. 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கலவரப் பகுதியில் கூடுதல் போலீஸைக் குடியமர்த்தி, அதன் செலவை அங்குள்ள மக்களிடமே வசூலிக்க வழி செய்தது. இதுவே தண்டப் போலீஸ். சேதமடைந்தவர்களுக்கான இழப்பீட்டையும் ஊராரிடம் வசூலிக்க 15ஏ என்ற பிரிவு 1895-இல் சேர்ந்தது.

1908 மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம், நீதிமன்றம் ஆகியவை தாக்கப்பட்டு எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். பிறகு திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸ் வைத்து, செலவை ஊரார் தலையில் கட்டினார்கள். தீ வைத்தவரும், வீட்டைப் பூட்டி உள்ளே இருந்தவரும் ஒரே வரியைக் கட்ட வேண்டியிருந்தது.

1942-இல் இது இன்னும் விரிந்தது. ஆகஸ்ட் புரட்சியில் தேவகோட்டை நீதிமன்றக் கட்டடம் எரிந்தது; ஆகஸ்ட் 26 இரவு சூலூர் விமான தளத்தின் கொட்டகைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அதே ஆண்டின் கூட்டு அபராத அவசரச் சட்டப்படி ஒரு பகுதியின் குடிகள் அனைவர் மீதும் அபராதம் விதிக்கலாம், வேண்டிய பிரிவினருக்கு விலக்கும் அளிக்கலாம். யாருக்கு விலக்கு என்பதை அரசே தீர்மானித்ததால், அபராதம் ஊரை இரண்டாக உடைக்கவும் பயன்பட்டது. இதில் குற்றச்சாட்டு இல்லை, சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. ஐபிசியின் 425-ஐப் பாராட்டும் எவரும் இதை அதோடு சேர்த்துப் பாராட்ட முடியாது. ஒரே ஆட்சி, நிரூபணம் கடினமான இடத்தில் நிரூபணத்தையே கைவிட்டது.

சிலைகளைச் சேதப்படுத்தியது எதில் வந்தது?

பொதுவான அழிம்புப் பிரிவுகளில்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த, 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் நடந்த சத்தியாகிரகத்தில் சிலையைத் தாக்கியவர்கள் சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம் என்றால் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு: 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சேத மதிப்பை எப்படி நிரூபிப்பது?

சம்பவ இடத்திலேயே மகஜர் தயாரிக்க வேண்டும். எது உடைந்தது, எத்தனை, எந்த அளவு, எந்தப் பொருளால் ஆனது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ‘ஜன்னல்கள் உடைந்திருந்தன’ என்பது பயன்படாது; ‘வடக்குச் சுவரில் 3 அடிக்கு 4 அடி ஜன்னல் இரண்டில் ஐந்து கண்ணாடிகள்’ என்றால் பயன்படும். வரைபடம், ஒளிப்படம், உடைந்த துண்டுகளின் கைப்பற்றல் எல்லாம் அதே நாளில் முடிய வேண்டும். கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறைப் பொறியாளர், பேருந்துக்குப் பணிமனையின் தொழில்நுட்ப அலுவலர் மதிப்பீடு தருவார். அவரே கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

வழக்கமாகக் கோளாறு வருவது மூன்று இடங்களில். பழைய பொருளுக்குப் புதுப்பொருளின் விலையைப் போடுவார்கள், தேய்மானம் கழிக்கமாட்டார்கள். பழுது பார்த்து முடிந்தபிறகு மதிப்பீடு எழுதுவார்கள். மகஜரில் நான்கு கண்ணாடி, மதிப்பீட்டில் ஏழு கண்ணாடி என்று இருக்கும். மூன்றாவது ஒன்றே போதும், குறுக்கு விசாரணையில் முழு வழக்கின் நம்பகமும் போய்விடும்.

சமாதானமாகப் போக முடியுமா?

சேதம் தனியாருக்கு மட்டும் என்றால் 426, 427 வழக்குகளைப் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளலாம். அரசுச் சொத்தாயின் முடியாது. பணத்தைக் கட்டிவிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாமே தவிர, வழக்கை முடிக்காது.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில்?

அதே வேர்தான். நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) 1871-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் ஐபிசியைப் பின்பற்றியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அழிம்பின் பிரிவு எண் இன்றும் 425-தான். இலங்கையின் 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 408. இலங்கையில் 1982-இன் 12-ஆம் எண் பொதுச்சொத்துச் சட்டம் மிகக் கடுமையானது. சொத்தின் மதிப்பு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியதாக உதவிப் போலீஸ் கண்காணிப்பாளர் தரத்தில் சான்றிதழ் தந்தால், விசேட காரணம் இல்லாமல் பிணை கிடைக்காது.

விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் என்ன மாறியது?

1984-இல் மத்திய அரசின் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் வந்தது. மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சி, அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் சொத்து முதல்முறையாக ஒரே வகைக்குள் வந்தது. அழிம்பு என்றால் என்ன என்பதற்கு மட்டும் 425-ஐயே கைகாட்டினார்கள். பொதுவான சேதத்துக்கு ஐந்து ஆண்டு வரை. குடிநீர், மின்சாரம், எண்ணெய், கழிவுநீர், சுரங்கம், தொழிற்சாலை, பொதுப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு என்றால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை. தீ, வெடி என்றால் ஓராண்டு முதல் பத்து ஆண்டு வரை. அரசுத் தரப்புக்கு எதிர்க்க வாய்ப்புத் தராமல் ஜாமீன் தர முடியாது. தமிழ்நாட்டில் 1992-இன் 59-ஆம் சட்டம் குறைந்தபட்சத்தையே ஓராண்டாக வைத்தது. 1994 திருத்தத்தில் தனியார் சொத்தையும் சேர்த்தது. உள்ளூர்ப் போலீஸ் இன்று முதலில் எடுப்பது இந்த மாநிலச் சட்டத்தைத்தான்.

2009-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி கே.டி. தாமஸ் குழுவும் ஃபாலி நாரிமன் குழுவும் தந்த அறிக்கைகளின் மேல், இழப்பீட்டை யாரிடம் எப்படி வசூலிப்பது என்று வழிகாட்டு நெறிகள் தந்தது. போராட்டத்துக்கு அழைப்பு விடுத்த அமைப்பாளர்களும் பொறுப்பேற்க நேரிடும் என்பது அதில் முக்கியமானது. கூட்டு அபராதத்தின் பழைய நிழல் இதில் விழாமல் இருக்க, சேதத்துக்கும் பொறுப்பாளிக்கும் உள்ள தொடர்பை நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்கிலும் கேட்க வேண்டும்.

பழைய வழக்கின் ஆவணத்தை எங்கே தேடுவது?

உயர் நீதிமன்றம் வரை போன வழக்கென்றால் 1876 முதல் வரும் இந்தியச் சட்ட அறிக்கைகளின் மெட்ராஸ் வரிசையில் தொடங்குங்கள். அங்கே இல்லாவிட்டால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நீதித் துறை, பொதுத் துறை அரசாணைகளின் ஆண்டு அட்டவணையில் ஊர்ப் பெயரைத் தேடி, துறை, அரசாணை எண், தேதி ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு கேட்டால் கோப்பு வரும். வழக்கு எண்ணில் ‘சி.சி.’ என்றால் மாஜிஸ்திரேட் வழக்கு, ‘எஸ்.சி.’ என்றால் செஷன்ஸ், ‘ஆர்.டி.’ என்றால் மரண தண்டனையை உறுதிசெய்ய உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கீழ்க்கோர்ட் கட்டுகள் விதிப்படி அழிக்கப்பட்டிருக்கும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அன்று எழுதிய எல்லா வகையிலும் தேடிப் பாருங்கள்.

2024 ஜூலை 1-க்குப் பின் பழைய பிரிவுகளுக்கு வேலை இல்லையா?

அன்று முதல் ஐபிசிக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. 425 முதல் 427 வரை, 440-ஓடு சேர்ந்து, 324-க்குள் அடங்கிவிட்டன. சாதாரண அழிம்புக்கு ஆறு மாதம் வரை. அரசு அல்லது உள்ளாட்சிச் சொத்தையும் உள்ளடக்கிய சேதத்துக்கு ஓராண்டு வரை. 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டு வரை. ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து ஆண்டு வரை. பாசனம், சாலை, வடிகால், எல்லைக்கல், தீ எல்லாம் 326-இன் உட்பிரிவுகள். கடல் அடையாளங்களோடு ரயில், விமானச் சமிக்ஞைகளும் சேர்ந்துள்ளன.

எந்தச் சட்டம் என்பதைச் சம்பவத் தேதி தீர்மானிக்கும், புகார் தேதி அல்ல. 2024 ஜூன் 30 இரவு 11 மணிக்கு உடைத்த மதகுக்கு ஜூலை 5-ஆம் தேதி எஃப்ஐஆர் போட்டாலும் குற்றப்பிரிவு ஐபிசி 430-தான். புலனாய்வு நடைமுறை மட்டும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாபடி நடக்கும். புதிய பிரிவை எழுதிவிட்டால் குற்றச்சாட்டு வனையும்போது திருத்த வேண்டிவரும். குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்ததும் சம்பவத் தேதியையும் பிரிவையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.